தைவானின் பழங்கதைகளும் வழக்கங்களும்: எல்லாம் சீனாவிலிருந்து வந்தவைதானா?

கேள்வி இது: "தைவானில் சொல்லப்படும் பழங்கதைகள், புராணங்கள், வழக்கங்கள் எல்லாம் சீனாவிலிருந்து வந்தவைதானா? அந்தத் தீவுக்கென்று தனியாக ஏதாவது உண்டா? கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

உண்டு, நிறையவே உண்டு. சீனாவிலிருந்து வந்த கதைகளும் தைவான் மண்ணில் கால் வைத்த பிறகு வேறு உருவம் எடுத்துவிட்டன.

முதலில் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். சீனர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே தைவானில் ஆஸ்திரோனேசிய மொழிகள் பேசும் தொல்குடிகள் வாழ்கிறார்கள். மலாய், பிலிப்பீன்ஸின் தகாலோக், மடகாஸ்கரின் மலகாசி, நியூசிலாந்தின் மாவோரி எல்லாம் இதே மொழிக் குடும்பம். அந்தக் குடும்பம் தைவானிலிருந்துதான் கடல் வழியாகப் பரவியது என்பதே இன்று மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அரசு அங்கீகரித்த தொல்குடிகள் இப்போது 16. டச்சுக்காரர்கள் 1624-இல் வந்தார்கள். அந்த நூற்றாண்டிலிருந்து சீனாவின் தென்கிழக்கு மாகாணமான ஃபூஜியனின் கரையிலிருந்து ஹோக்லோ மக்களும், பின்னர் ஹக்கா என்ற இன்னொரு சீனப் பிரிவினரும் படகேறி வந்து குடியேறினார்கள். 1683 முதல் சீனாவின் சிங் பேரரசின் ஆட்சி, 1895 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சி, 1949-இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்று வந்த குவோமிந்தாங் கட்சி. இத்தனை பேருடைய கதைகளும் ஒரே தீவில்தான் கிடக்கின்றன.

இவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. தைவானில் கதையையும் சடங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே புரியாது. நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதைக் கதை சொல்கிறது. சடங்கு அந்தக் கடனை ஆண்டுதோறும் அடைக்கிறது. கடன் கொடுத்தவர் நிலவாக இருக்கலாம், மீனாக இருக்கலாம், முன்னோர்கள் கொன்ற அண்டை மக்களாக இருக்கலாம், பெயர் தெரியாமல் செத்துப்போனவராகவும் இருக்கலாம்.

நிலவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நடு தைவானின் உயர்ந்த மலைகளில் வாழும் புனுன் மக்களின் கதை இது. அந்தக் காலத்தில் வானத்தில் இரண்டு சூரியன்கள். ஒன்று மறைந்தால் இன்னொன்று வரும், இரவே கிடையாது. ஒரு தம்பதி கைக்குழந்தையை நிழலில் படுக்க வைத்துவிட்டு வயலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் குழந்தை வெயிலில் காய்ந்து பல்லியாகிவிட்டிருந்தது. தகப்பன் வில்லை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்துபோய் ஒரு சூரியனின் கண்ணில் அம்பெய்தான். ஒளி மங்கி அது நிலவானது.

வேறு நாட்டுக் கதையாக இருந்தால் வீரன் வென்றான் என்று இங்கேயே முடிந்திருக்கும். புனுன் கதை இங்கேதான் தொடங்குகிறது. காயப்பட்ட நிலவு அவனைப் பிடித்துத் திட்டுகிறது. "இத்தனை நாள் எங்கள் வெளிச்சத்தில்தானே பயிர் செய்து சாப்பிட்டீர்கள்? ஒரு நாளாவது நன்றி சொன்னீர்களா?" என்று கேட்கிறது. அவனால் பதில் சொல்ல முடியவில்லை. தன் துணியைக் கொடுத்து நிலவின் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்கிறான். நிலவில் தெரியும் கறை அந்தத் துணிதான் என்பார்கள். இனிமேல் என் வளர்பிறையையும் தேய்பிறையையும் பார்த்து இன்னின்ன சடங்குகளைச் செய்யுங்கள் என்று நிலவு கற்றுக்கொடுத்து அனுப்புகிறது.

புனுன் மக்களின் ஆண்டு முழுவதும் அப்படித்தான் ஓடியது. எந்தப் பிறையில் தினை விதைப்பது, எப்போது களையெடுப்பது, எப்போது வேட்டைக்குப் போவது எல்லாவற்றுக்கும் நிலவுக் கணக்கு உண்டு. மரப்பலகையில் குறிகளைச் செதுக்கி நாட்காட்டி வைத்திருந்தார்கள். தினை நன்றாக விளைய வேண்டி அவர்கள் பாடும் 'பசிபுத்புத்' இன்று உலகப் புகழ் பெற்றது. ஆண்கள் வட்டமாக நின்று, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கை கோத்து, மெல்லச் சுற்றியபடி பாடுவார்கள். சொற்கள் கிடையாது, குரல் மட்டும்தான். தாழ்ந்த சுரத்தில் தொடங்கிப் பல குரல்களாகப் பிரிந்து, இழையிழையாக மேலே ஏறிக்கொண்டே போகும். குரல்கள் ஒத்துப்போய் உயர்ந்தால் அந்த ஆண்டு தினை நன்றாக வரும் என்று நம்பிக்கை. 1943-இல் ஜப்பானிய இசையறிஞர் கூரோசாவா தாகாதோமோ இதை ஒலிப்பதிவு செய்தார். எழுத்தோ சுரக் குறிப்போ இல்லாமல் மலைவாழ் மக்கள் இப்படிப் பல குரலிசையை வளர்த்திருந்தது அதைக் கேட்ட இசையறிஞர்களை வியக்க வைத்தது. கேட்கக் கிடைத்தால் விடாதீர்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள்.

சூரியனை எய்த கதை வட மலைகளின் அட்டயல் மக்களிடமும் உண்டு. அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மூன்று இளைஞர்கள் ஆளுக்கொரு கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். போகிற வழியெல்லாம் ஆரஞ்சு விதைகளை ஊன்றிக்கொண்டே போகிறார்கள். பயணம் அவ்வளவு நீளமானது என்று அவர்களுக்குத் தெரியும். வழியில் இவர்கள் கிழவர்களாகிச் செத்துப்போக, முதுகில் வந்த குழந்தைகள் வளர்ந்து ஆளாகிச் சூரியனை எய்கிறார்கள். திரும்பி வரும்போது அப்பாக்கள் ஊன்றிய மரங்களில் பழம் பறித்துத் தின்றுகொண்டே வந்து, நரைத்த தலையோடு ஊர் சேர்கிறார்கள். ஒரே ஆயுளில் முடியாத வேலையை எப்படிச் செய்வது என்பதைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

இனி சாய்சியாத் மக்கள். தைவானின் கதைகளில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இவர்களுடையதைத்தான் சொல்வேன். மியாவ்லி, சின்சூ மாவட்ட மலைகளில் வாழும் சிறிய இனம், சில ஆயிரம் பேர்தான். முன்னொரு காலத்தில் ஆற்றின் மறுகரையில் 'தா-ஆய்' எனப்படும் குள்ளமான, கறுத்த மக்கள் இருந்தார்களாம். பயிர் செய்யவும், நோய்க்கு மருந்து கட்டவும், ஆடவும், பாடவும் சாய்சியாத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஒவ்வோர் அறுவடை விழாவுக்கும் அவர்களை அழைப்பார்கள். ஆனால் விழாவுக்கு வந்தவர்கள் சாய்சியாத் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார்கள். பொறுத்துப் பார்த்த சாய்சியாத் இளைஞர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். விழா முடிந்து திரும்பும் வழியில், ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் சாய்ந்திருந்த ஒரு மரத்தில் ஏறித்தான் குள்ளர்கள் வழக்கமாக இளைப்பாறுவார்கள். அந்த மரத்தை முக்கால்வாசி அறுத்து, வெட்டிய இடத்தைச் சேறு பூசி மறைத்து வைத்தார்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் மரம் முறிந்தது. அத்தனை பேரும் ஆற்றில் விழுந்து செத்தார்கள்.

தப்பியவர்கள் இரண்டே பேர், வயதானவர்கள். அவர்கள் பழிக்குப் பழி வாங்கவில்லை. ஆடலையும் பாடலையும் சாய்சியாத்தின் ஜூ குலத்தாருக்கு முழுவதுமாகக் கற்றுக்கொடுத்தார்கள். இதை விடாமல் செய்யுங்கள், விட்டால் உங்கள் பயிர் அழியும் என்று சாபத்தோடு சொல்லிவிட்டு, பனையோலை போன்ற ஓர் ஓலையைக் கிழித்துக்கொண்டே கிழக்கே போய் மறைந்தார்கள்.

அந்தச் சடங்கு 'பாஸ்தா-ஆய்'. இன்றும் நடக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தாண்டுக்கு ஒருமுறை மிகப் பெரிதாக. சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி, மியாவ்லியின் நான்சுவாங்கிலும் சின்சூவின் வூஃபெங்கிலும் இரவு முழுக்க, விடியும்வரை ஆடுவார்கள். இடுப்புக்குப் பின்னால் உலோகக் குழல்களும் மணிகளும் கோத்த ஒன்றைக் கட்டிக்கொண்டு, கை கோத்த நீண்ட வரிசை நத்தைச் சுருளாக உள்ளே சுருண்டு வெளியே விரியும். மணிச் சத்தம் அடிக்கு அடி ஒரே தாளத்தில் விழும். எந்தப் பாட்டு எந்த இரவில் என்ற வரிசையை மாற்றக் கூடாது. சடங்குக் காலம் முடிந்ததும் அந்தப் பாட்டுகளை வாயிலெடுக்கக் கூடாது. நாணலைப் போன்ற மிஸ்காந்தஸ் புல்லை எல்லோரும் கையில் கட்டிக்கொள்வார்கள். பார்க்க வருகிறவர்களும் கட்டிக்கொள்ள வேண்டும். கேமராவுக்கும் கட்டுகிறார்கள், நிறுத்தி வைத்த கார்களுக்கும் கட்டுகிறார்கள். கட்டாதவரைக் குள்ளர்களின் ஆவி தீண்டிவிடும் என்பது நம்பிக்கை. யாராவது மயங்கி விழுந்தால் ஜூ குலப் பெரியவர்களை அழைப்பார்கள். கடைசி நாள் விடியலில் இளைஞர்கள் ஒரு மரக்கொம்பைப் பிடித்திழுத்து ஒடித்துக் கிழக்குப் பக்கமாக எறிவார்கள்.

இதை நினைத்துப் பாருங்கள். தங்கள் முன்னோர் செய்த கொலையை மறைக்காமல், "நாங்கள்தான் கொன்றோம், அவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த நியாயமும் அநியாயமும் இவை" என்று ஒரு சமூகம் தன் தலையாய சடங்காக வைத்துக்கொண்டிருக்கிறது. கொல்லப்பட்டவர்களை வரவேற்று, மகிழ்வித்து, வழியனுப்புகிறது. இப்படி வேறெங்கும் நான் படித்ததில்லை. குள்ளர்கள் நிஜமாக இருந்தார்களா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. இப்படியான கதை தைவானின் வேறு பல இனங்களிடமும் உண்டு. கிழக்குக் கரையின் சியாவ்மா குகைகளில் கிடைத்த ஏறத்தாழ 6,000 ஆண்டு பழைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, பிலிப்பீன்ஸின் குள்ள இன மக்களை ஒத்திருப்பதாக 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. அது மட்டுமே கதையை மெய்ப்பித்துவிடாது. ஆனாலும் வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட இப்போது முடியாது.

தெற்கு மலைகளின் ருக்காய் மக்கள் சொல்லும் பலெங் கதை காதல் கதை. தலைவரின் மகள் பலெங், மலை ஏரியில் வாழும் ஒரு நாகத்தின் மேல் மனதை வைக்கிறாள். அது 'நூறடிப் பாம்பு', கடித்தால் நூறடி நடப்பதற்குள் உயிர் போய்விடும் என்று பெயர் பெற்ற குழிவிரியன். பெண் கேட்டு அது வீட்டுக்கு வரும்போது எல்லோர் கண்ணுக்கும் பாம்பாகவும் அவள் கண்ணுக்கு மட்டும் அழகான இளைஞனாகவும் தெரிகிறது. தலைவர் நேரடியாக மறுக்காமல், கடலிலிருந்து வண்ணக் கண்ணாடி மணிகள் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்கிறார். கொண்டு வந்துவிடுகிறது. ஊர் கூடி மணப்பெண்ணை ஏரிக்கரைவரை கொண்டுபோய் விடுகிறது. "என் தலையணி தண்ணீருக்குள் மறைந்தால் நான் அவர் வீட்டை அடைந்துவிட்டேன் என்று அர்த்தம்" என்று சொல்லிவிட்டு நடுவே போகிறாள். அப்புறம் ஏரி ருக்காய்க்குச் சம்பந்தி வீடு. அங்கே கூச்சல் போடக் கூடாது, கண்டபடி வேட்டையாடக் கூடாது. நூறடிப் பாம்பைக் கொல்வதும் கிடையாது. அதன் முதுகிலுள்ள முக்கோணக் கோலத்தை ருக்காய், பைவான் மக்களின் வீட்டு உத்திரத்திலும் துணியிலும் பார்க்கலாம்.

தென்கிழக்கே கடலில் இருக்கும் ஆர்க்கிட் தீவின் தாவோ மக்களுக்கோ உறவு பறக்கும் மீனோடு. ஆரம்பத்தில் அவர்கள் பறக்கும் மீனைச் சிப்பி, நண்டோடு சேர்த்துச் சமைத்துத் தின்று நோயில் விழுந்தார்களாம். மீன்களுக்கும் நோய் வந்தது. கறுப்புச் சிறகுடைய மீன் ஒன்று ஒரு முன்னோரின் கனவில் வந்து, எங்களை எப்போது பிடிக்க வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும், எந்தப் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும், எதோடு சேர்க்கக் கூடாது என்று பட்டியல் போட்டுச் சொன்னது. இன்றும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஆண்கள் வெள்ளித் தலைக்கவசம் அணிந்து கடலைப் பார்த்து மீனைக் கூவி அழைப்பார்கள். ஜூன், ஜூலைவரை அந்தப் பருவம். அந்த மாதங்களில் பாறையோர மீன்களை விட்டுவிடுவார்கள், அவை இனம் பெருக்கிக்கொள்ளும். காயவைத்த பறக்கும் மீனை இலையுதிர் காலத்தில் ஒரு நாளோடு தின்று முடித்துவிட வேண்டும். மிச்சத்தை வைத்துத் தின்பது தடை. தின்ன முடிந்த அளவுக்கு மேல் பிடிக்காதே என்பதைக் கனவும் கதையுமாக வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தீவில் 1982 முதல் அணுக்கழிவைக் கொண்டு வந்து சேமித்தார்கள். 1988-இல் தாவோ மக்கள் அதை எதிர்த்துக் கிளம்பியபோது, பிரம்புக் கவசமும் ஈட்டியுமாகத் தங்கள் பழைய போர்க்கோலத்தில் வந்து, தீய ஆவியான 'அனிதோ'வை விரட்டும் சடங்காகவே போராட்டத்தை நடத்தினார்கள். பழங்கதை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அந்தப் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும்.

ஏறக்குறைய இதே பெயருடைய இன்னொரு இனம், சன் மூன் ஏரிக்கரையின் தாவ் மக்கள். வேடர்கள் ஒரு வெள்ளை மானைத் துரத்திக்கொண்டு வந்து அந்த ஏரியைக் கண்டார்கள் என்பது அவர்கள் கதை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூடை இருக்கும். அதில் முன்னோர்கள் உடுத்திய துணிகள். பூசை நாளில் கூடைகளை வரிசையாக வைத்து, பூசாரிப் பெண்கள் முன்னோர்களை அழைப்பார்கள். 1934-இல் மின்சாரத்துக்காக ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தியபோது முன்னோர்கள் உறையும் லாலு தீவின் பெரும்பகுதி மூழ்கிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தைவானின் பழங்கதைகள் என்று வருகிற எல்லாவற்றையும் மக்கள் கதை என்று நம்பிவிடாதீர்கள். வூ ஃபெங் கதை இதற்கு உதாரணம். அலிஷான் மலையின் ட்ஸோ மக்களிடம் தலை வெட்டும் வழக்கத்தை ஒழிக்க, 1769-இல் இறந்த சிங் காலத்து மொழிபெயர்ப்பாளர் வூ ஃபெங் தன் உயிரையே கொடுத்தார், சிவப்பு உடை போர்த்திக்கொண்டு வந்து தானே வெட்டுப்பட்டார், அவரென்று தெரிந்ததும் அவர்கள் மனம் மாறினார்கள் என்று கதை. ஜப்பானிய ஆட்சி இதைப் பாடப்புத்தகத்தில் வைத்தது, பின்னால் வந்த குவோமிந்தாங் ஆட்சியும் தொடர்ந்தது. ட்ஸோ குழந்தைகள் பள்ளியில் தலைகுனிந்து உட்கார்ந்து இதைப் படித்தார்கள். அவர்கள் பெரியவர்கள் சொல்வது வேறு. வணிகத்தில் ஏமாற்றியதால்தான் அவர் கொல்லப்பட்டார் என்பது அவர்கள் பக்கம். 1988 டிசம்பர் 31-இல் தொல்குடி இளைஞர்கள் ஜியாயி ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்த வூ ஃபெங் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினார்கள். பாடம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வூ ஃபெங் வட்டாரம் அலிஷான் என்று பெயர் மாறியது. ஒரு கதை யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

சரி, சீனாவிலிருந்து வந்தவர்களின் கதைகளுக்கு வருவோம். அவர்கள் கடந்து வந்த நீரிணைக்குக் கருநீர்க் கால்வாய் என்று பெயர். பத்துப் பேர் கிளம்பினால் ஆறு பேர் சாவார்கள், மூன்று பேர் தங்குவார்கள், ஒருவர் திரும்பிப் போவார் என்று ஒரு சொலவடையே உண்டு. அதனால்தான் அவர்கள் படகில் கூடவே கொண்டு வந்த தெய்வம், கடலில் காப்பவளான மாட்ஸு. ஃபூஜியன் கரையோரம் மெய்ஜோ தீவில் 960-இல் பிறந்த லின் மோனியாங் என்ற பெண்தான் மாட்ஸு ஆனாள் என்பது மரபு. தறியில் நெய்துகொண்டிருந்தவள் அப்படியே தன்னை மறந்து, நடுக்கடலில் புயலில் சிக்கிய தந்தையையும் அண்ணன்மாரையும் ஆவி வடிவில் பிடித்து இழுத்து வருகிறாள். ஏதோ ஆகிவிட்டது என்று பதறிய தாய் அவளை உலுக்கி எழுப்ப, பிடியிலிருந்த ஒருவர் நழுவிக் கடலோடு போய்விடுகிறார். எல்லோரையும் காப்பாற்ற முடியாத தெய்வம் அவள். கடலில் பிழைப்பவர்கள் அவளை நம்புவதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மாட்ஸு தைவானுக்கு வந்து தைவான்காரியே ஆகிவிட்டாள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோது வெள்ளை உடையில் வானத்தில் தோன்றி, பாவாடையை விரித்துக் குண்டைப் பிடித்தாள் என்று பல ஊர்களில் சொல்வார்கள். பிங்தோங் மாவட்டத்தின் வான்தான் கோயிலில் வெடிக்காத குண்டின் உறையையே வைத்திருக்கிறார்கள். அதைத் தடுத்ததில்தான் அம்மன் சிலையின் விரல் உடைந்தது என்பது ஊர்க்கதை. வசந்தத்தில் அவளுடைய பல்லக்கு ஊர்வலங்கள் நடக்கும். தாஜியா கோயிலின் ஊர்வலம் ஒன்பது நாளில் முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல் போய் வருகிறது. பைஷாதுன் ஊர்வலம் இன்னும் விசேஷம், அதற்குப் பாதையே குறிப்பதில்லை. பெய்காங் ஊர்க் கோயிலுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் முடிவு. முச்சந்தியில் பல்லக்கு நின்று ஆடும், முன்னும் பின்னும் போகும், திடீரென்று ஒரு பக்கம் திரும்பி ஓடும். மருத்துவமனை வாசலில் போய் நிற்கும், யாருடைய வீட்டு முற்றத்திலோ நுழைந்து இறங்கிவிடும். பல்லாயிரம் பேர் பின்னால் ஓடுவார்கள். வழியெல்லாம் மக்கள் மேசை போட்டுச் சோறு, பழம், தண்ணீர் எல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். நோயாளிகளும் முதியவர்களும் சாலையில் குப்புறப் படுத்து, பல்லக்கைத் தங்கள் மேலே கடந்துபோக விடுவார்கள்.

கடலைக் கடந்தும் பிழைக்காதவர்களுக்கு என்ன வழி? குடியேறியவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். நோயில், சண்டையில் செத்தால் கர்மம் செய்ய ஆள் கிடையாது. அப்படி அநாதையாகச் செத்தவர்களைத் தைவானில் பேய் என்று சொல்ல மாட்டார்கள், 'நல்ல சகோதரர்கள்' என்பார்கள். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் முழுக்க அவர்களுக்கு விடுமுறை. அந்த மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை, வீடு வாங்குவதில்லை, பிள்ளைகளை ஆற்றுக்கும் கடலுக்கும் விடுவதில்லை. வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் அலுவலக வாசலிலும் மேசை போட்டுப் படையல் வைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீரும் புதுத் துண்டும் வைப்பார்கள். தூரத்திலிருந்து பசியோடு வருகிறவர்கள் சாப்பிடும் முன் முகம் கழுவ வேண்டாமா?

கீலுங் துறைமுகத்தில் இந்த மாதம் பெரும் விழா. 1850-களின் தொடக்கத்தில் அங்கே ஃபூஜியனின் இரு ஊர்க்காரர்கள், ஜாங்ஜோ மக்களும் சுவான்ஜோ மக்களும், வெட்டிக்கொண்டு செத்தார்கள். எந்த எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியாமல் சேர்த்தே புதைத்தார்கள். பெரியவர்கள் கூடி, இனி ஊர் பார்த்துப் பிரிந்து நிற்க வேண்டாம், குலப்பெயர் பார்த்து அணி சேர்வோம், மண்டையை உடைப்பதற்குப் பதில் ஊர்வலத்தில் போட்டி போடுவோம் என்று முடிவு செய்தார்கள். 1855 முதல் குலங்கள் முறைவைத்து அந்த விழாவை நடத்துகின்றன. பதினான்காம் இரவு காகித வீடுகளில் விளக்கேற்றிக் கடலில் விடுவார்கள். எந்தக் குலத்தின் விளக்கு தூரமாகப் போகிறதோ அந்தக் குலத்துக்கு அந்த ஆண்டு யோகம்.

வழியோரத்தில், வயல் மூலையில் கிடைத்த எலும்புகளைச் சேர்த்து வைத்த குட்டிக் கோயில்களைத் தைவான் முழுக்கப் பார்க்கலாம். கேட்டதைத் தருவார் என்று எழுதிய சிவப்புத் துணி தொங்கும். அப்படி வளர்ந்த ஒன்று வடக்குக் கரையின் பதினெட்டு பிரபுக்கள் கோயில். கடலில் செத்துக் கரை ஒதுங்கியவர்கள் 17 பேர், பதினெட்டாவது அவர்களைப் பிரிய மனமில்லாமல் குழியில் பாய்ந்த நாய். அங்கே ஊதுபத்தியோடு சிகரெட்டும் கொளுத்தி வைப்பார்கள். தைனானிலோ 1944-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானிய விமானி சுகியுரா ஷிகெமினேவுக்கே கோயில் இருக்கிறது. எரியும் விமானத்தை ஊரின் மேல் விழாமல் விலக்கிக்கொண்டு போய்ச் செத்தார் என்பதால். தங்களை ஆண்ட நாட்டுக்காரராக அவரைப் பார்க்கவில்லை, தங்கள் ஊரில் ஊருக்காகச் செத்தவராகப் பார்க்கிறார்கள். அவருக்கும் சிகரெட்தான்.

தைனானின் பேய்க்கதைகளில் மிகவும் பேர்போனது லின்தோ அக்கா. லின்தோ என்பது நம் தாழையின் இனம், கடற்கரைப் புதர். ஒரு விதவையை ஒரு வணிகன் ஏமாற்றி, அவள் சொத்தை எல்லாம் சுருட்டிக்கொண்டு கடல் கடந்து சீனாவுக்குப் போய்விடுகிறான். அவள் தாழங்காட்டில் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அப்புறம் இரவில் ஒரு பெண் வந்து இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் வாங்கிப் போகிறாள். விற்றவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவள் கொடுத்த காசு, செத்தவர்களுக்கு எரிக்கும் காகிதப் பணமாக இருக்கிறது. கடைசியில் ஒரு நல்லவர் அவள் பெயர்ப் பலகையைக் குடைக்குள் மறைத்துப் படகில் ஏற்றிக்கொண்டு போக, கடல் தாண்டிப் பழி தீர்க்கிறாள். பேய்கூட யாராவது துணைக்கு வந்தால்தான் அந்தக் கடலைக் கடக்க முடியும் என்பதை யோசித்துப் பாருங்கள். கணவன்மார் கடல் கடந்துபோய் மறந்துவிட்ட எத்தனையோ பெண்களின் ஆற்றாமை இந்தக் கதைக்குள் இருக்கிறது.

குழந்தைகளுக்குச் சொல்வது புலி அத்தைப் பாட்டி. பாட்டி வேடத்தில் வீட்டுக்குள் வந்த புலி இரவில் சின்னப் பிள்ளையைத் தின்கிறது. இருட்டில் நறநற சத்தம் கேட்டு அக்கா "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றால் "வேர்க்கடலை" என்கிறது. "எனக்கும் கொடுங்கள்" என்று கேட்டதற்குக் கையில் வந்து விழுந்தது தம்பியின் விரல். அவள் அலறாமல், தந்திரமாக வெளியே போய் மரத்தில் ஏறி, கொதிக்கும் எண்ணெயைப் புலியின் வாயில் ஊற்றிக் கொல்கிறாள். இத்தனைக்கும் தைவான் காடுகளில் புலியே கிடையாது. கதை மட்டும் படகேறி வந்துவிட்டது.

அன்றாடத்தில் இவையெல்லாம் எங்கே தெரியும் என்றால், எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் தரையில் கட்டைகள் விழும் சத்தம் கேட்கும். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. கேள்வியை மனதில் சொல்லி, பெயரும் முகவரியும் சொல்லிப் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது, கேள்வியைத் தெளிவாகக் கேள் என்று பொருள். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. பெரிய காரியத்துக்குத் தொடர்ந்து மூன்று முறை சம்மதம் வர வேண்டும். பைஷாதுன் பல்லக்கு எந்த நாளில் கிளம்ப வேண்டும் என்பதைக்கூட இப்படித்தான் மாட்ஸுவிடமே கேட்கிறார்கள். கணினித் துறைக்காரர்கள் சர்வர் மேல் 'குவாய் குவாய்' (சமர்த்தாக இரு என்று பொருள்) என்ற நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை வைப்பதும் இதே மனதுதான். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், காலாவதியாகியிருக்கக் கூடாது, வைத்ததை எடுத்துத் தின்னக் கூடாது. இயந்திரம் சமர்த்தாக ஓட வேண்டுமே!

நேரில் பார்க்க விரும்பினால்: மாட்ஸு ஊர்வலங்கள் மார்ச், ஏப்ரல், மே வாக்கில். அந்த ஆண்டின் தேதியைக் கோயில்களே முன்கூட்டி அறிவிக்கும். கீலுங் விழா பெரும்பாலும் ஆகஸ்டில். பாஸ்தா-ஆய் நவம்பர், டிசம்பரில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நுழையும் இடத்திலேயே புல் கட்டிவிடுவார்கள், மறுக்காதீர்கள். ஆர்க்கிட் தீவுக்குப் பறக்கும் மீன் பருவத்தில் போனால் கரையில் நிற்கும் படகுகளைத் தொடாதீர்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.